கட்டுத்தரை கவசம் ஆகாது

சேலம், நாமக்கல் சமவெளியில் மாடு வைத்துப் பண்ணையம் பார்க்கும் குடும்பங்களில் ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. "கட்டுத்தரையிலயே பொறந்து வளந்த ஒடம்பு, மாட்டுச் சீக்கு நம்மள என்ன பண்ணிப்புடும்?" என்பார்கள். சாணி அள்ளிய கையை உதறிவிட்டுச் சோற்றில் கை வைத்தவர்கள், கறந்த சூட்டோடு பாலைக் குடித்து வளர்ந்தவர்கள் எண்பது வயதிலும் திடமாக நடமாடுவதைச் சாட்சிக்குக் காட்டுவார்கள்.

இந்த நம்பிக்கையில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. அதை எந்த நோய்க்குப் பொருத்துவது என்பதில்தான் பிழை. மாட்டிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வைரஸ்கள் விஷயத்தில், மாட்டோடு பழகிய பழக்கம் மட்டும் யாரையும் காப்பாற்றாது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பெரியவர்களுக்கு வாய்த்திருந்த ஒரு பாதுகாப்பு, இன்று பால் கறக்கும் இளைய தலைமுறைக்குக் கிடையாது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பள்ளம் சத்தமில்லாமல் அகலமாகிக்கொண்டே வருகிறது.

தழும்பின் கணக்கு

விடிகாலையில் பால் சொசைட்டி வாசலில் கேனோடு நிற்பவர்களின் கைகளைக் கவனியுங்கள். ஐம்பதைத் தாண்டியவர்களின் மேல்கையிலோ முன்கையிலோ வட்டமான, நடுவில் குழிந்த, ஓரம் சுருங்கிய தழும்பு ஒன்றோ இரண்டோ இருக்கும். அது அம்மை குத்திய தழும்பு. நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவரும் தோளுக்குக் கீழே ஒரு தழும்பைக் காட்டுவார். அது பிறந்தவுடன் காசநோய்க்காகப் போட்ட பிசிஜி ஊசியின் தழும்பு. இரண்டும் ஒன்றல்ல. அம்மைக்கும் பிசிஜிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பெரியம்மைத் தடுப்பூசியே மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்ததுதான். மாட்டம்மை கண்டு ஆறிய பால்காரப் பெண்களைப் பெரியம்மை தொடுவதில்லை என்ற ஊர்ப்பேச்சை இங்கிலாந்து மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் 1796-ல் சோதித்துப் பார்த்தார். ஒரு பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை எட்டு வயதுச் சிறுவனின் கையில் ஏற்றினார். பிறகு அவனுக்குப் பெரியம்மை தொற்றவில்லை. ஆறே ஆண்டுகளில், 1802-ல், அந்த முறை பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. சென்னை கிண்டியில் 1899-ல் தொடங்கிய கிங் நிறுவனத்தின் முதல் வேலையே அம்மைப்பால் தயாரிப்பதுதான். கன்றுகளின் தோலை மழித்து, அதில் கிருமியை வளர்த்து, அந்தப் பாலைச் சேகரித்து மாகாணம் முழுக்க அனுப்பினார்கள். ஊர் ஊராக வந்த அம்மை குத்துபவர்கள் நம் தாத்தா பாட்டிகளின் கையில் ஏற்றியது அதைத்தான்.

இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம் கண்டறியப்பட்டார். உலகமே பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980-ல் அறிவித்தது. நோய் ஒழிந்ததால் தடுப்பூசியும் எழுபதுகளின் இறுதியில் நிறுத்தப்பட்டது. அது சரியான முடிவு. ஆனால் அந்த ஊசி தடுத்தது பெரியம்மையை மட்டுமல்ல. மாட்டம்மை, எருமையம்மை, குரங்கம்மை ஆகியவற்றின் வைரஸ்களும் பெரியம்மை வைரஸின் நெருங்கிய உறவுகள். ஒன்றுக்குப் பழகிய உடம்பு மற்றவற்றையும் ஓரளவு அடையாளம் கண்டுகொள்ளும். எண்பதுகளில் ஆப்பிரிக்காவின் அன்றைய ஜயர் நாட்டில் நடந்த ஆய்வுகள், பெரியம்மை ஊசி போட்டவர்களுக்குக் குரங்கம்மைக்கு எதிராகச் சுமார் 85 சதவீதப் பாதுகாப்பு இருந்ததாகக் கணக்கிட்டன. அமெரிக்காவின் ஓரிகனில் 2003-ல் வெளியான ஆய்வோ, ஊசி போட்டுப் பல பத்தாண்டுகள் கழிந்தவர்களின் ரத்தத்திலும் எதிர்ப்புப் புரதங்கள் குறையாமல் இருப்பதைக் காட்டியது. எதிர்ப்புச் செல்கள் மட்டும் மெல்ல மெல்லக் குறைந்திருந்தன.

ஆக, பெரியவர்களின் "கட்டுத்தரை ஒடம்பு" என்று நாம் சொல்வதில், அம்மை வகை நோய்களைப் பொறுத்தவரை ஒரு பெரும்பங்கு அரசு ஊழியர் குத்திவிட்டுப் போன ஊசியின் வேலை. 1980-க்குப் பின் பிறந்த எவருக்கும் அது இல்லை. இன்று கன்று அவிழ்த்துவிடுகிறவர்கள், மடி கழுவுகிறவர்கள், கறக்கிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

காம்பிலிருந்து விரலுக்கு

எருமையம்மை இந்தியாவுக்குப் புதிதல்ல. பெரியம்மை ஊசிக்குப் பயன்பட்ட வாக்சினியா வைரஸின் ஒரு கிளைதான் இந்த வைரஸ். மகாராஷ்டிரத்தில் எண்பதுகளிலிருந்தே மனிதருக்கும் எருமைக்கும் ஒருசேரப் பரவிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. 2009-ல் சோலாப்பூர், கோலாப்பூர் மாவட்டங்களில் கறவைக்காரர்களின் கைகளில் கொப்புளங்கள் வந்தன. பிரேசிலில் 1999 முதல் இதே குடும்பத்து வைரஸ் பால்மாடுகளுக்கும் கறப்பவர்களுக்கும் இடையே மாறி மாறிப் பரவியது. அங்கே ஊசி போட்ட மூத்தவர்களில் சிலருக்கும் நோய் வந்தது. அதனால் தழும்பு உள்ளவர்களும் முழுப் பாதுகாப்பு இருப்பதாக எண்ணிக்கொள்ள முடியாது.

நோய் வரும் வழி எளிமையானது. எருமையின் காம்பிலும் மடியிலும் சிறு கொப்புளங்கள் எழும்பி, உடைந்து, பக்குக் கட்டும். அதைப் பிடித்துக் கறக்கும்போது, புல் அறுத்ததில் விரலில் விழுந்த கீறல் வழியாகக் கிருமி ஏறும். சில நாட்களில் விரலிலோ புறங்கையிலோ நடுவில் குழிந்த கொப்புளம் வரும். காய்ச்சல் அடிக்கும். அக்குளில் நெறி கட்டும். பெரும்பாலும் சில வாரங்களில் தானாக ஆறிவிடும். ஆறிவிடுவதால்தான் இது கணக்கில் ஏறுவதில்லை. மருந்துக்கடையில் ஒரு களிம்பு, நாலு மாத்திரையோடு கதை முடிந்துவிடுகிறது. இதற்குள் அதே கை நாலு வீட்டு எருமைகளைக் கறந்திருக்கும். வீடு வீடாகப் போய்க் கறந்து கொடுப்பவர் இருக்கும் ஊரில், ஒரு கட்டுத்தரையிலிருந்து அடுத்ததற்கு நோயை எடுத்துச் செல்வது அந்தக் கைதான்.

ஆறாமல் போகும் இடங்களும் உண்டு. கண்ணைக் கசக்கினால் கண் பாதிக்கும். கரப்பான் உள்ள தோலிலும், எதிர்ப்புச் சக்தி குன்றிய நோயாளியிடமும் கொப்புளம் உடலெங்கும் பரவக்கூடும். பாகிஸ்தானின் கராச்சியில் 2004–05-ல் ஐந்து மருத்துவமனைகளின் தீக்காயப் பிரிவுகளில் எருமையம்மை பரவியது. தீப்புண்ணுக்கு எருமைக் கொழுப்பைத் தடவும் வழக்கமே அதற்கு வழிவிட்டதாக ஆய்வாளர்கள் கருதினார்கள். புண்ணான தோலில் எந்தக் கால்நடைப் பொருளையும் தடவக் கூடாது என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை.

ஆட்டுப் பட்டியிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. குட்டிகளின் உதட்டோரம் கரும்பக்குப் படியும் வாய்ப்புண் நோய் அது. மேச்சேரி செம்மறியோ சேலம் கருப்பு வெள்ளாடோ, குட்டியின் வாயைப் பிடித்து வெறுங்கையால் மருந்து தடவுகிறவரின் விரலில் அது கட்டியாக எழும்பும். ஒருமுறை வந்தவருக்கே மறுமுறையும் வரக்கூடும். பழகிவிட்டால் வராது என்ற கணக்கை இந்த ஒரு நோயே பொய்யாக்கிவிடுகிறது.

பழக்கம் தருவதும் தராததும்

கட்டுத்தரை வாழ்க்கை எதைத் தருகிறது என்பதை ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு வேளாண் சமூகங்கள் உண்டு. பூர்வீகத்தில் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. ஆமிஷ் குழந்தைகள் வீட்டை ஒட்டிய தொழுவத்தில் மாட்டோடு வளர்கிறார்கள். ஹட்டரைட்டுகளின் பண்ணை இயந்திரமயமானது, குழந்தைகளிடமிருந்து விலகி இருப்பது. 2016-ல் வெளியான ஒப்பீட்டில் ஆமிஷ் குழந்தைகளிடம் ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் மிகக் குறைவு என்று தெரிந்தது. தொழுவத் தூசியிலுள்ள நுண்ணுயிர்க் கூறுகள் உடம்பின் அளவுமீறிய பதற்றத்தைத் தணிக்கின்றன. பெரியவர்கள் பேச்சிலுள்ள உண்மை இதுதான். தும்மலும் இழுப்பும் குறையும். ஒரு புதிய வைரஸைத் தடுக்கும் ஆற்றல் இதனால் வராது.

வைரஸுக்கு எதிரான நினைவு, சொசைட்டியில் பால் ஊற்றும் புத்தகம் போன்றது. அவரவர் பெயரில், அவரவர் ஊற்றிய நாளுக்குத்தான் வரவு. அப்பாவின் புத்தகத்தை வைத்து மகன் பணம் வாங்க முடியாது. தட்டம்மையே இதற்குச் சான்று. மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோயின் வைரஸும் மனிதரின் தட்டம்மை வைரஸும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை. அந்தப் பிரிவு கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை பழமையானதாக இருக்கலாம் என்று 2020-ல் ஓர் ஆய்வு கணித்தது. இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாக 1995-ல் வட ஆற்காட்டுப் பகுதியில் பதிவானது. 2011-ல் உலகிலிருந்தே ஒழிந்தது. இவ்வளவு நெடுங்காலம் மாட்டோடு வாழ்ந்தும் இன்று பிறக்கும் குழந்தைக்குத் தட்டம்மை எதிர்ப்பு பிறவியிலேயே வாய்த்துவிடவில்லை. தாயிடமிருந்து வந்தது சில மாதங்களில் கரைந்துவிடும். ஒன்பதாம் மாதம் ஊசி போட்டே ஆக வேண்டும்.

சீம்பால் பற்றிய நம்பிக்கையும் இதே வகை. பசுவின் எதிர்ப்புப் புரதங்கள் கருப்பையில் கன்றுக்குச் சேர்வதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத்தான் சேரும், அதுவும் கன்றின் குடல் அந்த ஒரு நாள் மட்டுமே அவற்றை அப்படியே உள்வாங்கும் என்பதால். மனிதர் சீம்பாலை வெல்லம் சேர்த்து வேகவைத்துச் சாப்பிடும்போது கிடைப்பது நல்ல புரதம். நோய்த் தடுப்பு அல்ல. முதல் சீம்பால் கன்றுக்கே சேரட்டும்.

மாட்டின் வாயும் உண்ணியும்

அம்மை வகை நோய்கள் பெரும்பாலும் உயிரைத் தொடுவதில்லை. ரேபிஸ் அப்படியல்ல. தெருநாய் கடித்த மாடு சில வாரங்களோ மாதங்களோ கழித்து நோய் காட்டும். தீனியில் வாய் வைக்காது. எச்சில் ஒழுகும். குரல் கம்மிக் கம்மிக் கத்தும். தண்ணீர் விழுங்க முடியாமல் திணறும். பார்ப்பவர்கள் தொண்டையில் கொட்டையோ மாங்காயோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து வாயைப் பிளந்து கையை உள்ளே விட்டுத் துழாவுவார்கள். பல்லில் சிராய்த்த கையில் எச்சில் முழுவதும் படியும். இதைவிட ஆபத்தான ஒரு செயல் கட்டுத்தரையில் இல்லை. ரேபிஸ் அறிகுறி தொடங்கிய பின் மனிதர் பிழைப்பது அரிதிலும் அரிது. எத்தனை ஆண்டுப் பழக்கமும் இதற்கு எதிராகச் செல்லாது. செல்லுவது தடுப்பூசி ஒன்றுதான்.

உண்ணியால் பரவும் கிரிமியன்–காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் இன்னொரு பாடம். இந்தியாவில் இது முதலில் உறுதியானது 2011 ஜனவரியில், குஜராத்தின் அகமதாபாத் மாவட்டத்தில். நோயாளிக்குச் சிகிச்சை தந்த மருத்துவரும் செவிலியரும் இறந்தார்கள். தொற்றுக் கண்டவர்களில் 10 முதல் 40 சதவீதம் பேர் இறக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறகு 22 மாநிலங்களில் மாடு, செம்மறி, வெள்ளாடுகளின் 5,636 ரத்த மாதிரிகளைச் சோதித்ததில் 354-ல் எதிர்ப்புப் புரதம் இருந்தது. வைரஸ் நாட்டின் கால்நடைகளிடையே பரவலாக இருக்கிறது என்பது இதன் பொருள். மாடு நோய் எதுவும் காட்டாது. நோய் கண்ட குஜராத்திலேயே மக்களிடம் எடுத்த ஆய்விலோ எதிர்ப்புப் புரதம் இருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மாட்டுக்குப் பழகிவிட்டது, மனிதருக்குப் பழகவில்லை. இரண்டும் ஒரே வாசலில் வாழ்ந்தும் எதிர்ப்பு இடம் மாறவில்லை. மாட்டின் காதிலும் மடியிலும் ஒட்டிய உண்ணியைப் பிடுங்கி நகத்தால் நசுக்கும் வழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. நசுங்கிய உண்ணியின் ரத்தம் விரல் கீறலில் பட்டாலே போதும்.

நாமக்கல் கவனிக்க வேண்டியது

2024 மார்ச் 25 அன்று அமெரிக்கா தன் டெக்சாஸ், கன்சாஸ் மாநிலங்களின் கறவை மாடுகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் உறுதியானதாக அறிவித்தது. அதுவரை மாட்டு நோயாக எவரும் கருதாத வைரஸ் அது. பறவைகளின் உடலில் இந்த வைரஸ் பற்றிக்கொள்ளும் அதே வகைப் பிடிப்பிடங்கள் மாட்டின் மடியில் நிறைந்திருப்பது பின்னர் தெரிந்தது. பாலில் வைரஸ் ஏராளமாக வெளியேறியது. கறவை இயந்திரம் வழியாக மாட்டுக்கு மாடு பரவியது. காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. ஓராண்டுக்குள் பாதித்த பண்ணைகள் ஆயிரத்தை ஒட்டின. மனிதத் தொற்று எழுபதைத் தொட்டது. பலருக்குக் கண் சிவந்ததோடு நின்றது. மிச்சிகன், கொலராடோ பண்ணைகளில் 115 தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது 8 பேருக்கு அண்மைத் தொற்றின் தடயம் இருந்தது. எட்டுப் பேரும் மாடு கறந்தவர்கள் அல்லது கறவைக் கூடத்தைக் கழுவியவர்கள். பாதிப் பேருக்கு நோய் வந்ததே நினைவில் இல்லை.

இந்திய மாடுகளுக்கு இது வந்துவிட்டது என்று பீதி கிளப்ப எந்தக் காரணமும் இல்லை. ஆனால் நாமக்கல்லின் அமைப்பைப் பாருங்கள். நாட்டின் மிகப் பெரிய முட்டை மையங்களில் ஒன்று. பண்ணைக் கொட்டகைக்குக் கூப்பிடு தூரத்தில் கறவை மாடுகள். கோழி எரு லாரி லாரியாக வயலுக்குப் போகிறது. ஒரே ஆள் காலையில் முட்டை பொறுக்கி, மாலையில் பால் கறக்கிறார். பறவையும் மாடும் மனிதரும் இவ்வளவு நெருங்கி வாழும் இடத்தில், எச்5 வகைக்கு எதிர்ப்பு யாருடைய உடம்பிலும் முன்கூட்டியே இருக்காது என்பதைத்தான் தொடக்கப் புள்ளியாகக் கொள்ள வேண்டும்.

அஞ்ச வேண்டாதவற்றையும் சொல்லியாக வேண்டும். 2019-ல் ஒடிசாவில் தொடங்கி நாடு முழுக்க மாடுகளை வாட்டிய தோல் கழலை நோய் மனிதருக்குத் தொற்றாது. கோமாரியும் மனிதருக்கு வருவது உலக அளவிலேயே அபூர்வம். கழலை கண்ட மாட்டின் பாலைக் கண்டு ஊரே பயந்ததும், எச்சில் ஒழுகும் மாட்டின் வாயில் கை விட்டதும் ஒரே அறியாமையின் இரண்டு பக்கங்கள்.

செய்ய வேண்டியவை

பாலைப் பொங்கக் காய்ச்சிய பிறகே குடிக்க வேண்டும். மேலே சொன்ன எந்த வைரஸும் அந்தச் சூட்டைத் தாங்காது. மடியிலோ காம்பிலோ கொப்புளம் கண்ட மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும், கையுறை போட்டு. முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கையில் கொப்புளம் வந்தவர் ஆறும்வரை கறக்கக் கூடாது. மருத்துவரிடம் போனால் "மாடு கறக்கிறேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். உண்ணியை நசுக்காமல், இடுக்கியால் எடுத்து மண்ணெண்ணெயில் போட வேண்டும்.

எச்சில் ஒழுகும் மாட்டின் வாயைத் தொடவே கூடாது, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். எச்சில் பட்டுவிட்டால் அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவ வேண்டும். அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். 0, 3, 7, 28-ஆம் நாட்களில் தவறாமல் போட வேண்டும். புண்ணில் எச்சில் பட்டிருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். நாய் கடித்த மாட்டுக்கும் நோய் காட்டும் முன்பே தவணை தவணையாக ஊசி உண்டு. மாட்டைக் காப்பது கறப்பவரையும் காப்பதாகும்.

அரசுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டுக்கும் இடையே பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கறவைக்காரர்களின் ரத்தத்தையும் அவர்கள் கறக்கும் மாடுகளின் ரத்தத்தையும் இந்த இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து, வயதுவாரியாக, தழும்பு உள்ளவர் இல்லாதவர் என்று பிரித்துச் சோதிக்க வேண்டும். மாட்டு ஆஸ்பத்திரியில் மடிக் கொப்புளம் பதிவானால் அதே வாரம் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ புதிய துறையோ தேவையில்லை. அந்தக் கணக்கு கையில் வரும்வரை, 1980-க்குப் பின் பிறந்த ஒவ்வொரு கறவைக்காரரையும் பாதுகாப்பு இல்லாதவராகவே கருதித் திட்டமிடுவதுதான் பொறுப்பான வழி.